ரெஜினா அக்காவும் எங்கள் வண்டியின் இரண்டாவது பிரேக்கும்

ரெஜினா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் பெருந்துறையில் என் மகள் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பேத்தியின் காதுகுத்துக்காகப் போயிருந்தேன். கைப்பேசியில் அக்காவின் மகள் ஜெனிட்டாவின் பெயர் தெரிந்தது. எடுத்தவுடன் அழுகைதான் கேட்டது.

"மாமா, அம்மா போயிட்டாங்க மாமா."

என் வாயிலிருந்து முதலில் வந்தது இந்தக் கேள்விதான்: "எந்த வளைவுலீங்க அம்மணி?"

அன்று காலை அவர்கள் வால்பாறையிலிருந்து இறங்குவதாக ஏற்பாடு. எஸ்டேட் கோயில் ஒன்றில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து. சமையல் அக்காவுடையது. நான் பெருந்துறையில் இருந்ததால் என் பிக்கப் வண்டியை என் அண்ணன் மகன் ஓட்டிப்போயிருந்தான். ஆழியாறு மலைப்பாதையில் இருக்கிற அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே நொடியில் என் கண்முன் வந்துபோயின.

நான் என்ன கேட்கிறேன் என்று ஜெனிட்டாவுக்கு உடனே பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"வளைவெல்லாம் இல்லீங்க மாமா. விருந்து வெரசா முடிஞ்சுதுன்னு நேத்து சாயங்காலமே வந்துட்டாங்க. ஊட்டுலதானுங்க, கட்டில்ல. காப்பி கொண்டுபோய் எழுப்பறேன், எந்திரிக்கலீங்க மாமா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். துக்கம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது ஒரு பெரிய நிம்மதி. அக்கா கட்டிலில் போனார். போர்வை போர்த்தி, சொந்த வீட்டில், சமதரையில் போனார். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. அவரோடு மலைக்குச் சமைக்கப் போய்வந்த ஒவ்வொருவரும் அன்று இப்படித்தான் பெருமூச்சு விட்டார்கள். அடக்கத்துக்கு வந்த இடத்தில், அக்காவோடு சமைக்கிற சகாயமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னதும் அதுதான்: "நல்லவேளைங்கண்ணா, ஊட்டுலயே."

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களில் அம்மாவின் கைச்சோறு சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அம்மாவைத் தெரிந்தவர்கள் அவ்வளவு இருக்க மாட்டார்கள் என்று ஜெனிட்டா சொன்னார். "நீங்கதான் மாமா பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தவரு, ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் வெள்ளகோவில் பக்கத்துக்காரன். கோயமுத்தூர் கணபதியில் வண்டி ஸ்டாண்டில் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஓர் அம்மாள் வந்து என் வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கெட்டியான உடம்பு, வெள்ளையில் நீலப்பூ போட்ட நூல்சேலை, இடுப்பில் செருகிய முந்தானை. முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் பாதித் தொட்டியும் உள்ள டீசல் பிக்கப் என்னுடையது. அவர் கேபின் கதவைத் திறந்து பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதுல ஆளுங்க உள்ள உக்காந்து வரலாமில்லீங்க? பாத்திரத்தோட பாத்திரமா பின்னாடி உக்கார வேண்டியதில்லையே?"

"வரலாமுங்க. நாலு பேரு தாராளமா உக்காரலாம்."

"அப்படீன்னா இனி என்ற வேலைக்கெல்லாம் நீங்கதான் வரோணும்."

அன்று தொடங்கியது. கல்யாணம், கோயில் திருவிழா, புதுவீட்டு விருந்து, காதுகுத்து என்று எந்த சாதி, எந்த மதத்து வீடாக இருந்தாலும் அக்கா சமைக்கப் போவார். நான் அண்டாக்களையும் அடுப்புகளையும் ஆட்களையும் ஏற்றிப்போவேன். அவருடைய பிரியாணிக்கு ஊரில் பெயர் இருந்தது. எனக்கு அதைவிட அவர் திட்டுகிற விதம் பிடிக்கும். கோபம் உச்சிக்கு ஏறினாலும் 'ங்க' விட்டுப்போகாது. "ஏனுங்க சகாயம், நீங்க வெங்காயம் அரியறீங்களா, கோலம் போடறீங்களா? பந்திக்கு ஆளு உக்காந்துட்டாங்க கண்ணு, சித்த கையை ஓட்டுங்க" என்பார். உப்புப் பார்க்கும்போது மட்டும் பேசமாட்டார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சமையல்கட்டு முழுவதும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

வால்பாறை எஸ்டேட்டுகளிலும் கோத்தகிரிப் பக்கமும் அக்காவுக்கு வேலை அதிகம். மலைமேல் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் சொந்தக்காரரைப் போல. ஏறும்போது நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவார். இறங்கும்போது வேறு ஆள். கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். இன்னொரு கையில் செபமாலை. உதடு மட்டும் அசையும். ஆழியாறு சோதனைச்சாவடி வந்து வண்டி சமதரையில் ஓடத் தொடங்கியபிறகுதான் கைப்பிடியை விடுவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மலைமேல் சமைக்கப் போனால் அக்கா சாப்பிடுவதில்லை. ஊருக்கே ஆக்கிப்போட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, அவர் ஒரு வாய் மோரோடு எழுந்துவிடுவார். கேட்டால், "ஆக்கற கைக்குப் பசி தெரியாதுங்க தம்பி" என்பார். கீழே ஒரு கல்யாண மண்டபத்தில் அதே கை இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம். நான் ஒழுங்காக ஓட்டுகிறவன். இறக்கத்தில் நியூட்ரல் போடமாட்டேன். எந்த கியரில் ஏறினேனோ அதே கியரில்தான் இறங்குவேன். ஒருநாள் ஆழியாறு அணைக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தியபோது கேட்டுவிட்டேன்.

"அக்கா, நான் ஓட்டறது மேல நம்பிக்கை இல்லீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க மேல இருக்குதுங்க தம்பி. அந்த பெடல் மேலதான் இல்ல."

அப்போதுதான் லில்லியைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய கதை. வேறொரு சமையல்காரரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கோத்தகிரியில் ஒரு விருந்தை முடித்துவிட்டுத் திறந்த லாரியில் பாத்திரங்களோடு பாத்திரமாக உட்கார்ந்து மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறார்கள். பாதி மலையில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் லாரியை மலைப்பக்கம் ஒடித்து மோதி நிறுத்திவிட்டார். பள்ளத்தில் விழாமல் காப்பாற்றியதே பெரிது. ஆனால் அண்டாக்கள் மொத்தமும் முன்னால் சரிந்தன. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிதான் லில்லி. மேட்டுப்பாளையத்துப் பெண். அக்காவுக்குக் கை எலும்பு முறிந்தது. லில்லி அங்கேயே போய்விட்டார்.

"அவ கையை நான் புடிச்சிட்டிருந்தேனுங்க. சூடு ஆறறவரைக்கும் புடிச்சிட்டிருந்தேன்" என்றார் அக்கா. "இப்போ என்னை நம்பிப் பின்னாடி நாலு பொம்பளைங்க உக்காந்து வாராங்க. அவங்களுக்கும் ஊட்டுல பிள்ளைகுட்டி இருக்குது. அத்தனை பேரு உசுரும் உங்க ஒரு காலுக்கடியில. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க."

நான் எழுந்துபோய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து கடையோரம் நின்றது. நிற்பதற்கு முன்னால் 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். ஓட்டுநர் களைப்பே இல்லாத முகத்தோடு குதித்து இறங்கினார். அக்கா நேராக அவரிடம் போனார்.

"ஏனுங்க, இத்தனை பாரத்தை வெச்சுட்டு இவ்வளவு நிதானமா எறங்கி வாரீங்களே, பயமில்லீங்களா?"

அந்த ஓட்டுநர் அக்காவைக் கேபினில் ஏற்றி ஒரு பொத்தானைக் காட்டினார். எக்ஸாஸ்ட் பிரேக். அதைப் போட்டுக்கொண்டு சின்ன கியரில் விட்டால் வண்டி தானாகவே முனகிக்கொண்டு மெதுவாக இறங்கும், கால் பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டால் போதும், அது சூடேறாமல் இருக்கும் என்று விளக்கினார். அக்கா இறங்கி வந்தவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது பெரிய வண்டிக்குங்க அக்கா. நம்ம வண்டிக்கெல்லாம் கம்பெனியில வெச்சுத் தர்றதில்ல."

"கம்பெனி தராட்டிப் போச்சாதுங்க. கணபதியில லேத்துப் பட்டறை இல்லாமயா போச்சு?"

கணபதியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் நாகராஜ். வண்டியை அவரிடம் விட்டோம். அக்கா கூடவே வந்து, பட்டறை ஸ்டூலைத் துடைத்து உட்கார்ந்துகொண்டார். அது எப்படி வேலை செய்யும் என்று தெரியாமல் எதையும் தன் ஆட்கள் ஏறுகிற வண்டியில் வைக்கவிட மாட்டேன் என்றார்.

நாகராஜ் பொறுமையாகச் சொன்னார். "எஞ்சின்ல இருந்து பொகை வெளிய போற குழாயில ஒரு கதவு வெக்கறோமுங்க. பட்டனைப் போட்டா கதவு சாத்திக்கும். பொகை போக வழியில்லாம எஞ்சின் திணறும். அந்தத் திணறல் சக்கரத்தைப் புடிச்சு இழுக்கும். அவ்வளவுதானுங்க."

"தம் போட்டு மூடிமேல நெருப்பு வெக்கறாப்பலயா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"முழுக்க அடைச்சா மூடி எகிறிப்போடுமே?"

"அதுக்குத்தானுங்க அந்தத் தகட்டுல சின்ன ஓட்டை விட்டிருக்காங்க" என்று நாகராஜ் சிரித்தார்.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய கதவை நாகராஜ் வாங்கி வந்து பொருத்தினார். என் வண்டிக்கு அது பெரிது. மருதமலைப் பாதையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இறங்கும்போது நன்றாகத்தான் பிடித்தது. மறுபடி ஏறலாம் என்றால் சாத்திய கதவு திறக்கவில்லை. வண்டி கரும்புகையாகக் கக்கிக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டது. சாமி கும்பிட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் இது ஆகாது என்று முடிவு கட்டினேன். அக்கா முடிவு கட்டவில்லை.

"மொத அடுப்புல மொதச் சோறு கொழையத்தானுங்க செய்யும். வேற கதவு பாருங்க நாகராஜு."

நாகராஜுக்கும் வைராக்கியம் வந்துவிட்டது. சின்ன வண்டிக்கான கதவு ஒன்றை எங்கோ தேடிப்பிடித்தார். குழாயோடு சேர்கிற வளையத்தை லேத்தில் கடைந்து வாங்கினார். பெரிய வண்டியில் கதவைச் சாத்துவதற்குக் காற்று இருக்கும், நம் வண்டியில் அது கிடையாது, கால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவத்தின் உறிஞ்சுவிசையிலிருந்துதான் இழுக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது அக்காவின் காதில் விழுந்தது.

"இருங்க இருங்க. கால் பிரேக்கோட பலத்தைப் புடுங்கியா இதுக்குக் கொடுக்கறீங்க? இது ஓட்டை ஆச்சுன்னா அதுவுமில்ல போயிரும்?"

அதற்குத் தடுப்பு வால்வு உண்டு என்று நாகராஜ் சொன்னார். ஆனாலும் அக்காவின் முகம் தெளியாததைப் பார்த்துவிட்டு, இதற்கென்று தனியாக ஒரு சின்ன வேக்குவம் டாங்கியையும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் வால்வு போட்டுக் கொடுத்தார். ஆக்சிலேட்டரையோ கிளட்சையோ மிதித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ள இரண்டு சுவிட்சுகள். பொத்தானைப் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரியவும் வழி செய்தார். இல்லாவிட்டால் நாம் வேகம் குறைவது பின்னால் வருகிற வண்டிக்குத் தெரியாது.

இந்த முறை சோதனை வால்பாறைப் பாதையிலேயே. சமையல் ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். தொட்டி நிறைய அரிசி மூட்டைகளை ஏற்றினோம். நானும் அவரும் மட்டும் போனோம்.

"நீங்களும் கீழயே இருங்கக்கா. நான் தனியாப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆகாததை உங்க தலையில கட்டிட்டு நான் கீழ டீ குடிச்சிட்டு நிப்பேனுங்களா? ஏறுங்க."

மலைமேல் இருக்கிற அட்டகட்டி தாண்டி வண்டியைத் திருப்பினோம். இரண்டாவது கியர். பொத்தானைப் போட்டேன். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டதைப் போல வண்டி தயங்கி, ஒரே சீராக இறங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கால் பிரேக்கை லேசாகத் தொட்டேன். மற்ற நேரமெல்லாம் என் கால் சும்மா இருந்தது. அக்கா என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனையோ வளைவுகள் தாண்டியபின், கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே வந்ததும் சக்கரத்தின் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்தார். உப்புப் பார்க்கும் அதே முகம்.

"சரியா இருக்குதுங்க" என்றார்.

அதன்பிறகு அந்தப் பொத்தான் அக்காவின் பொறுப்பு. இறக்கம் தொடங்குகிற இடத்தில், "போட்டாச்சுங்களா?" என்று கேட்பார். நான் "போட்டாச்சுங்க" என்று சொன்னால்தான் பேச்சைத் தொடர்வார். மழையில் தொட்டி காலியாக இருந்தால் அதை நம்பி இறங்கக்கூடாது, பின்சக்கரம் வழுக்கும் என்று நாகராஜ் சொல்லியிருந்தார். அதையும் அக்கா மறக்கவில்லை. தூறல் விழுந்தால் போதும்: "இன்னிக்கு அது வேண்டாமுங்க, ஒண்ணாவது கியர்ல ஊர்ந்தே போலாம்."

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்து வால்பாறையில் ஒரு கல்யாணம். கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்தோம். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று வாளியை சகாயமேரியிடம் கொடுத்துவிட்டு, என் எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு எலை போடுங்க" என்றார். சகாயமேரி வாளியோடு அப்படியே நின்றார். எத்தனை வருடமாகக் கூட இருக்கிறார். மலைமேல் அக்கா இலைமுன் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. அக்கா பிரியாணியைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "பட்டை ஒரு துளி தூக்கலா இருக்குதே, யாருங்க போட்டது?" என்று கேட்டார். போட்டது அவரேதான். சமையல்கட்டே சிரித்தது. அவரும் சிரித்து, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

இனி நான் சொல்லப்போவது கோடை விடுமுறையில் நடந்தது. வால்பாறையில் ஒரு திருவிழாச் சமையலை முடித்துவிட்டு மத்தியானம் இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பின் சீட்டில் சகாயமேரியும் இன்னும் மூன்று பெண்களும். வழக்கம்போல பொத்தான் போட்டு, இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பஞ்சுமூட்டையில் கால் வைத்ததைப் போலப் பெடல் அடிவரை போனது. மறுபடி மிதித்தேன். பிடி இல்லை.

வளைவு திரும்பியதும் பார்த்தால், பாதையோரப் பாறையில் வரையாடுகள். அவற்றைப் படம் எடுக்க இரண்டு கார்களை நிறுத்திவிட்டு ஒரு கூட்டம் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"அக்கா, கால் பிரேக் போச்சுங்க" என்றேன்.

அக்கா செபமாலையைத் தேடவில்லை. கண்ணாடியை முழுவதும் இறக்கி, இடுப்புவரை வெளியே சாய்ந்து கூப்பிட்டார். சமையல்கட்டில் ஐந்நூறு பேர் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அது. "கண்ணுகளா, ஓரம் போங்க! வண்டி நிக்காதுங்க! பிள்ளைகளைத் தூக்கிக்குங்க, ஓரம் போங்க!"

நான் ஹாரனை அழுத்திக்கொண்டே கிளட்சை மிதித்து ஒன்றாவது கியருக்குத் தள்ளினேன். கிளட்ச் மிதித்த அந்த நொடியில் புகைக்குழாய்க் கதவு திறந்துகொண்டு வண்டி துள்ளிப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சல் எனக்கு இன்றைக்கும் கனவில் வரும். கிளட்சை விட்டதும் எஞ்சின் அலறியது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது. கதவு சாத்திக்கொண்டு பிடித்துவிட்டது. மனிதர் ஓடுகிற வேகத்திலிருந்து நடக்கிற வேகத்துக்கு வந்தோம். கூட்டம் பிள்ளைகளை வாரிக்கொண்டு பாறையோடு ஒட்டிக்கொண்டது. கார்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த வழியில் நாங்கள் ஊர்ந்து தாண்டினோம். தாண்டியதும் மலைப்பக்கம் ஒடித்து, மண் சாக்கடையில் முன்சக்கரத்தை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்தேன். நின்றுவிட்டது. ஓர் அண்டா மூடி மட்டும் தொட்டியிலிருந்து உருண்டு போய்ச் சாலையில் நெடுநேரம் சுற்றி அடங்கியது.

அக்கா முதலில் இறங்கினார். பின்கதவைத் திறந்து ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இறக்கி, தலையைத் தொட்டு, தோளைத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக என் பக்கம் வந்து, இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் இருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. ஒண்ணுமே ஆகலீங்க. பாருங்க, எல்லாரும் நிக்கறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். அக்கா அவரிடம் தண்ணீரை வாங்கி என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏனுங்க, ஆடு எங்கயும் போகாதுங்க. வளைவுல நிக்காதீங்க சாமி" என்று சொன்னார். பிறகு பாத்திரத்தில் மிஞ்சியிருந்த கேசரியை எடுத்து அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார்.

பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் ஒன்று உரசி உரசித் தேய்ந்து வெடித்திருந்ததாக நாகராஜ் மறுநாள் வந்து பார்த்துச் சொன்னார். பொத்தானை மட்டும் நம்பி வண்டியை நிறுத்திவிட முடியாது, அது வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், அந்தக் குறைச்சல் அன்று போதுமானதாக இருந்தது என்றார். அதன்பிறகு மாதாமாதம் குழாய்களைப் பார்க்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, மேட்டுப்பாளையம் போகவேண்டும் என்றார் அக்கா. லில்லியின் கல்லறைக்கு அவர் ஒவ்வொரு வருடமும் தனியாக பஸ்ஸில் போய்வருவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை சகாயமேரியையும் மற்றப் பெண்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். சாமந்தி மாலை, மெழுகுத்திரி, ஒரு தூக்குவாளியில் பிரியாணி. கல்லறையைக் கழுவி மாலை போட்டார். பிறகு அந்தப் பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி லில்லிக்கு அறிமுகம் செய்தார். "இவ சகாயம், இவளுக்கு ரெண்டு பசங்க" என்று. கடைசியாகச் சொன்னார்: "எல்லாத்தையும் பத்திரமாக் கீழ கொண்டாந்துபோட்டேன் லில்லி." சொல்லிவிட்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து எங்களுக்குப் பரிமாறினார். அவருடைய முகம் அவ்வளவு இலேசாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதன்பிறகும் பல வருடம் ஓடியது. முழங்கால் வலியும் சர்க்கரையும் வந்தபிறகு அடுப்படிப் பொறுப்பை சகாயமேரியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்பு மட்டும் பார்த்தார். மலைக்கு மட்டும் கூடவே வருவார். வராமல் இருக்கச் சொன்னால், "அங்க காத்து நல்லா இருக்குதுங்க" என்பார். இறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பதையே விட்டுவிட்டார். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார். கடைசி வருடங்களில் இறக்கம் முழுவதும் எனக்குக் கேட்டது எஞ்சின் முனகலும் அக்காவின் குறட்டையும்தான். அவரைத் தூங்கவைத்து ஓட்டிவந்ததை நான் என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது நான் பெருந்துறை கிளம்பும்முன். காதுகுத்துக்கு வரமுடியவில்லை என்று வருத்தப்பட்டார். பேத்திக்கு ஒரு பட்டுப்பாவாடைத் துணி கொடுத்தார். "ஊசி போடறப்போ பிள்ளை அழும், வாயில சித்த சர்க்கரை வெச்சுருங்க" என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அடக்கத்தன்று கோயில் கொள்ளவில்லை. வால்பாறையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். நாகராஜ் பட்டறையை மூடிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்து ஓரமாக நின்றார். கல்லறையில் சாமியார் செபத்தை முடித்ததும், குழியின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். கனமான பெட்டி. ஒரு பக்கத்துக் கயிறு சர்ரென்று வழுக்கித் தலைப்பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

நான் எப்போது முன்னால் போனேன் என்று தெரியவில்லை. அந்தக் கயிற்றை நானும் பிடித்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் நாகராஜ் பிடித்திருந்தார். சகாயமேரி குழியோரம் நின்று, "மெதுவாங்க, மெதுவா, ஒரே சீரா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளங்கை எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். பெட்டி மட்டமாக, ஆடாமல், அசையாமல் இறங்கியது. அடியில் மண்ணைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. கயிறு தளர்ந்ததை வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

போய் வாருங்கள், அக்கா. நல்லாத் தூங்குங்க.